பரிசாக வந்த முயல்

விடுமுறை நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரும். "பையன் ரொம்ப நாளா கேட்டுட்டே இருக்கான், இந்தத் தடவை ஒரு முயல் வாங்கிக் கொடுத்துடலாம்னு இருக்கோம். நாய் மாதிரி குரைக்காது, வெளியே கூட்டிட்டுப் போக வேண்டாம், ஒரு கூண்டு இருந்தா போதும்ல?" எங்கள் வீட்டில் முயல் இருப்பதால் என்னிடம் கேட்கிறார்கள். "ஆமாம், சுலபம்தான்" என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. போனில் பாதியோடு நின்றுபோகும் அந்தப் பேச்சை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் முயலும் பரிசாக வந்ததுதான். மகளுக்கு அப்போது ஆறு வயது. விடுமுறைக்கு வந்த மச்சான், அக்கா மகளுக்கு ஆச்சரியம் தர வேண்டும் என்று ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். மூடியில் நாலைந்து ஓட்டைகள். உள்ளே கைக்கு அடங்கும் அளவில் ஒரு வெள்ளைக் குட்டி. மகள் பஞ்சு என்று பெயர் வைத்தாள். வீடு நிறைய உறவினர்கள். பஞ்சு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். "எவ்வளவு சாது பாரு, அசையவே மாட்டேங்குது" என்று சொல்லாதவர்களே இல்லை. நானும் சொன்னேன்.

அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. காதுகள் முதுகோடு ஒட்டியிருக்கின்றன. கண்கள் பிதுங்கி நிற்கின்றன. முயலோடு ஆறு வருடம் வாழ்ந்த பிறகு பார்த்தால், எல்லாப் படத்திலும் தெரிவது பயம் ஒன்றுதான்.

முயல் மற்ற விலங்குகளுக்கு இரையாகி வந்த பிராணி. அதன் உடம்பு முழுக்க அந்த வரலாறுதான் இருக்கிறது. தரையிலிருந்து கால் மேலே எழும்பினால், பருந்தோ நரியோ பிடித்துவிட்டது என்றுதான் அதன் உடம்புக்குத் தெரியும். ஓட வழியில்லை என்றால் உறைந்து போகும். மல்லாக்கப் போட்டால் சில முயல்கள் அசைவற்றுக் கிடக்கும். 'தூங்கிடுச்சு' என்று வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அது தூக்கம் கிடையாது, தப்பிக்க எந்த வழியும் இல்லாதபோது உடம்பு செய்யும் கடைசிக் காரியம். கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் பின்னால் வருவது வரைக்கும் தெரியும், ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் தெரியாது. குழந்தையின் கை முதலில் நீள்வது அந்த இடத்துக்குத்தான்.

எலும்பு விஷயம் இன்னும் மோசம். முயலின் மொத்த எடையில் எலும்புக்கூடு 7 அல்லது 8 சதவீதம்தான். பூனைக்கு அது 12, 13 சதவீதம் வரும். இவ்வளவு லேசான எலும்பு, ஆனால் பின்னங்கால் தசையோ அபார பலம். இறுக்கிப் பிடித்த குழந்தையின் கையில் முயல் பலமாக உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். குழந்தை அன்பாகத்தான் பிடித்திருக்கும், அதில் சந்தேகமே இல்லை. குழந்தைக்கு ஏற்ற பிராணி என்று முயலைக் காட்டுகிறோமே, தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்ற குழந்தையின் அந்த ஆசையே முயலுக்கு ஆபத்து.

சரி, விடுமுறை முடிந்தது. விருந்தினர்கள் கிளம்பினார்கள், பள்ளி திறந்தது. முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடிகாலையிலும் அந்தி நேரத்திலும். எங்கள் வீட்டில் அந்த இரண்டு நேரமும் பரபரப்பான நேரம். நாங்கள் ஓய்வாக உட்காரும்போது அது தூங்கும். மெல்ல மெல்லக் கூண்டு வரவேற்பறையிலிருந்து பால்கனிக்குப் போனது. மகள் அழவில்லை, முயலும் சத்தம் போடவில்லை. நாய்க்குட்டியாக இருந்தால் கதவைப் பிராண்டியிருக்கும், பூனையாக இருந்தால் காலைச் சுற்றிவந்து கத்தியிருக்கும். பஞ்சு எதுவுமே கேட்கவில்லை. அது கேட்காததை நாங்கள் 'நல்லா இருக்கு' என்று எடுத்துக்கொண்டோம். இந்தப் பதிவு முழுவதிலும் நான் சொல்ல நினைப்பது இந்த ஓர் இடத்தைத்தான்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் காலையில் போட்ட கேரட் சாயங்காலமும் அப்படியே கிடந்தது. பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம். கூண்டில் புழுக்கை இல்லை. அதைக் கவனிக்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் அது முதுகைக் குவித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. முயல் மெதுவாகப் பல்லை உரசினால் அது சந்தோஷம், இப்படிச் சத்தமாகக் கடித்தால் வலி. இதுவும் பின்னால்தான் தெரிந்தது.

முதலில் போன கால்நடை மருத்துவர் முயல்களைப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். இரண்டாவது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ சாப்பிட்டுச்சு? எப்போ புழுக்கை போட்டுச்சு?" நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். முயலின் குடல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே அது அவசரச் சிகிச்சை தேவைப்படும் நிலை. குடல் நின்றால் வாயு சேரும், வாயு சேர்ந்தால் வலிக்கும், வலித்தால் இன்னும் சாப்பிடாது. வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. பஞ்சு சாப்பிடாமல் போனதற்குக் காரணம் பல்லில் இருந்தது. முயலுக்கு முன்பல் மட்டுமில்லை, கடைவாய்ப் பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளரும். நார் நிறைந்த காய்ந்த புல்லை நாள் முழுக்க அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். அதன் உணவில் பெரும்பகுதி அந்தப் புல்லாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் கொடுத்ததோ கேரட்டும் குருணைத் தீவனமும். சர்க்கரை மிகுந்த கேரட் முயலுக்கு எப்போதாவது ஒரு துண்டு தரும் தின்பண்டம், அவ்வளவுதான். தேயாத கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. எத்தனை நாளாக அந்த வலியோடு இருந்ததோ. இரையாகும் பிராணி தன் நோயை வெளியே காட்டாது, காட்டினால் முதலில் பிடிபடுவது அதுதான்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று முதல் நாள் இரவு யோசித்ததை அவரிடம் சொன்னேன். பதறிவிட்டார். நமக்குச் சாதாரணமாகத் தரும் அமாக்ஸிசிலினை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் செத்தே போகலாம்.

பஞ்சு பிழைத்தது. ஒரு வாரம் இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, அரைத்த புல்லைக் கரைத்து ஊசி போடாத சிரிஞ்சில் ஊட்டினோம். மருத்துவச் செலவு முயலின் விலையைப் போலப் பல மடங்கு. ஆண் என்று சொல்லித் தரப்பட்ட பஞ்சு பெண் என்பதும் அங்கேதான் தெரிந்தது. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வரும் என்பதால் அந்த அறுவைச் சிகிச்சையும் செய்தோம். இன்னொரு வீட்டில் 'ரெண்டும் பெண்தான்' என்று ஜோடியாகக் கொடுத்திருந்தார்கள். முயலின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். அந்த வீட்டின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சுவுக்கு இப்போது ஆறு வயது. நன்றாகக் கவனித்தால் முயல் எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம் வாழும். மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது, அவளுக்கு வேறு உலகம் வந்துவிட்டது. அது இயல்பு, அவளைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வருடப் பொறுப்பை ஆறு வயதுக் குழந்தையின் பெயரில் எழுதியது பெரியவர்களாகிய நாங்கள்.

இது முயலோடு நிற்பதில்லை. ஈஸ்டர் சமயத்தில் பல நாடுகளில் முயலோடு கோழிக்குஞ்சும் வாத்துக்குஞ்சும் விற்கிறார்கள், சில இடங்களில் சாயம் பூசியே தருகிறார்கள். முதல் வாரக் கோழிக்குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தாயில்லாமல், விளக்கில்லாமல், குழந்தையின் அட்டைப்பெட்டியில் அது குளிரில் விறைத்துச் சாகும். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் குஞ்சே சால்மோனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது கடுமையாகப் போகும். ஆமைக்குட்டிகளும் அப்படித்தான். அமெரிக்காவில் 10 சென்டிமீட்டருக்கும் சிறிய ஓடுள்ள ஆமைகளை வளர்ப்புக்கு விற்க 1975-லேயே தடை போட்டதற்கு இந்தக் கிருமிதான் காரணம். நாணயம் அளவுக்கு வாங்கும் சிவப்புக் காது ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், இருபது முப்பது வருடம் வாழும். கண்ணாடிக் கிண்ணத்துத் தங்கமீனுக்கும் பத்து வருடத்துக்கு மேல் ஆயுள் உண்டு. ஆனால் அந்தக் கிண்ணத்தில் தன் கழிவிலிருந்து வரும் அமோனியாவிலேயே மூச்சுத் திணறிச் சில வாரங்களில் செத்துவிடுகிறது. 'மீன்னா அப்படித்தான்' என்று இன்னொன்று வாங்குகிறோம். நாய்க்குட்டியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாய் வாழ்நாளுக்கானது, கிறிஸ்துமஸுக்கு மட்டுமானது இல்லை என்ற வாசகத்தை பிரிட்டனின் நாய்கள் நல அமைப்பு ஒன்று 1978-லேயே எழுதிவிட்டது.

வளர்க்க முடியாவிட்டால் காட்டுப் பக்கம் விட்டுவிடலாம், பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் முயல் பெருகிய கதையை உதாரணம் காட்டுவார்கள். அந்தக் கதையே வேறு மாதிரி. 1788-ல் ஆங்கிலேயர் குடியேற வந்த முதல் கப்பல்களோடு அங்கே போனவை வளர்ப்பு முயல்கள். அவை கண்டத்தைப் பிடிக்கவில்லை. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்பவருக்காக இங்கிலாந்திலிருந்து வந்தவற்றில் காட்டு முயல் ரத்தம் இருந்தது, பரவியது அந்த வம்சம்தான் என்று 2022-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த வெள்ளை முயலுக்குப் பதுங்கும் நிறமும் கிடையாது, எதிரியிடமிருந்து தப்பிப் பழக்கமும் கிடையாது. விட்ட சில நாளிலேயே நாய் பிடித்துவிடும்.

முயல் வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பஞ்சுவுக்குத் துணையாகக் காப்பகத்திலிருந்து கருத்தடை செய்த ஓர் ஆண் முயலைக் கொண்டுவந்தோம். முயல் தனியாக வாழும் பிராணி இல்லை. இரண்டும் பழக இரண்டு மாதம் ஆனது. இப்போது கூண்டே கிடையாது, ஒரு அறை அவற்றுக்கு. மின்கம்பிகளை எல்லாம் மறைத்து வைத்திருக்கிறோம், வெயில் காலத்தில் அந்த அறையைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறோம். அந்தி நேரத்தில் பஞ்சு சந்தோஷத்தில் காற்றில் உடம்பை முறுக்கித் துள்ளும். அதை முதல் தடவை பார்க்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் ஒன்பது வயது மகனுக்காக அதே கேள்வியைக் கேட்டார். இந்த விடுமுறை முழுக்கப் பையனைத் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். புல் மாற்ற வேண்டும், மூலையைச் சுத்தம் செய்ய வேண்டும், தரையில் உட்கார வேண்டும், தூக்கக் கூடாது. முதல் வாரம் தவறாமல் வந்தான். இரண்டாவது வாரம் இரண்டு நாள் விளையாட்டில் மறந்துவிட்டான். அப்புறம் மறுபடி வந்தான். நேற்று அவன் சும்மா உட்கார்ந்திருந்தபோது பஞ்சு தானாகவே வந்து அவன் முழங்காலில் தாடையைத் தேய்த்தது.

"அங்கிள், என்ன பண்ணுது இது?" என்று அசையாமல், குரலை மட்டும் தாழ்த்திக் கேட்டான்.

"தாடைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்குப்பா. தன்னோடதுன்னு வாசம் வச்சுக்குது."

முயல் வாங்குவதைப் பற்றி அவன் அப்பா இன்னும் பேச்செடுக்கவில்லை. பையன், இன்றைக்குப் புல் மாற்றுவது அவன் முறையா என் முறையா என்று கேட்டு, தானே மாற்றிவிட்டுப் போனான்.