அது பாரிஸ் தேளும் அல்ல, விஷமும் இல்லை

அண்ணா, ஆனைமலைத் தென்னந்தோப்பில், மண்ணை மூடிப் போட்ட மட்டைச் சருகு மூடாக்கில் எடுத்த ஒரு சிற்றுயிரின் படத்துக்கு, “ஸ்கைசோமஸ் கிராசிகாடேட்டஸ், பாரிஸிலிருந்து தொட்டிச்செடியோடு வந்த விஷத்தேள், மட்டையைக் கொளுத்துங்கள்” என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். கதை தலைகீழ். அந்த இனத்தை 1872இல் விவரித்ததே இலங்கையிலிருந்துதான். பாரிஸில் இருப்பது பசுமைக்குடில்களுக்குள். அங்கே அதுதான் வந்தேறி.

படத்தில் இருப்பது தேளே அல்ல, குட்டைவால் சாட்டைத்தேள்; பெயரில்தான் தேள், இது வேறொரு எட்டுக்கால் உயிரி. சில மில்லிமீட்டர்தான் இருக்கும். கொடுக்கும் இல்லை, விஷமும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முன்னங்கால் இரண்டும் நூல்போல் நீண்டு தரையைத் தடவுகின்றன, நடப்பது மற்ற ஆறு கால்களில். வால் என்பது ஒரு சிறு முனை, அவ்வளவே. ஆணுக்கு அது குமிழ்போலப் பருத்திருக்கும். இனம் பிரிக்க அந்தக் குமிழின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கைப்பேசிப் படத்தை வைத்து இனப்பெயர் சொல்வது ஜோசியம்.

உடல் சீக்கிரம் உலர்ந்துவிடும் என்பதால் ஈரச் சருகு, கல்லடி, குகை, சில வகைகள் கறையான் புற்று என்று ஒதுங்கி வாழ்கின்றன. தின்பது தம்மிலும் சிறிய பூச்சிகளை. சொட்டுநீர் விழும் மூடாக்கில் அது இருப்பதில் என்ன அதிசயம்? மட்டையைக் கொளுத்தினால் தோப்பின் ஈரம்தான் போகும்.