நாயைக் காப்பாற்றிய பிறகு ஆகும் செலவைப் பற்றி

லாரியில் அடிபட்டு இடுப்பு ஒடிந்த நாயின் வீடியோவைப் போட்டால் பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் ஆபரேஷனுக்குத் தேவையான பணம் வந்துவிடுகிறது. முகம் தெரியாதவர்கள் அனுப்புகிறார்கள், துபாயிலிருந்து போன் செய்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோருக்கும் மனதார நன்றி. ஆனால் அந்த நாய் பிழைத்து, பின்னங்கால் இரண்டும் செயலற்றுப்போய், இனி ஆயுள் முழுக்க எங்களோடுதான் இருக்கப்போகிறது, அதற்குத் தினமும் மூன்று நாலு தடவை வயிற்றை மெல்ல அமுக்கி மூத்திரம் எடுத்துவிட வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட வேண்டும், அதற்கெல்லாம் மாதாமாதம் பணம் வேண்டும் என்று ஆறு மாதம் கழித்து எழுதினால் ஒருவரும் அனுப்புவதில்லை. எங்களை மாதிரி சின்னக் காப்பகங்கள் கடனில் மூழ்குவது இந்த இடத்தில்தான். காப்பாற்றும் நாளுக்குப் பணம் கிடைக்கிறது, அதற்குப் பிறகு வரும் பத்து வருஷத்துக்குக் கிடைப்பதில்லை.

கோயம்புத்தூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் வாடகை இடத்தில் நடத்துகிறோம். எண்பது நாய்கள், கொஞ்சம் பூனைகள். சோற்றுச் செலவிலிருந்தே சொல்கிறேன். நொய்யரிசி, கோழிக்கடையிலிருந்து தலை, கால், கழுத்து, மஞ்சள்தூள், மலிவாகக் கிடைக்கும் காய், அண்டாவுக்கு விறகு எல்லாம் சேர்த்து ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 40 ரூபாய் என்று வையுங்கள். 80 நாய்க்கு நாளைக்கு 3,200, மாதம் 96,000 ரூபாய். இது மருந்து, வாடகை, சம்பளம் எதுவும் சேராத வெறும் சோறு. முன்பெல்லாம் கோழிக்கடைக்காரர்கள் தலையையும் காலையும் சும்மா கொடுப்பார்கள், "எடுத்துட்டுப் போங்க்கா, நாங்க குப்பைலதான போடறோம்" என்பார்கள். இப்போது அதையும் வாங்கிப்போக வேறு ஆட்கள் வருவதால் கிலோ கணக்கில் காசு. கோழிப்பண்ணைகள் நிறைந்த பல்லடத்தில் கறிக்கோழியின் பண்ணை விலை ஏறினால் எங்கள் அண்டாவிலும் அது தெரியும். புரட்டாசியில் விலை இறங்கும், ஆனால் கடையில் கோழி வெட்டுவதே குறைந்துபோவதால் எங்களுக்கு வர வேண்டியதும் குறைந்துவிடும், அந்த மாதத்தை முட்டையை வைத்துத்தான் ஓட்டுகிறோம்.

அடுத்தது சம்பளம். இதைப் பற்றி நான் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப்போகிறேன். "சேவைதானே பண்றீங்க, அதுக்கு எதுக்கு சம்பளம்?" என்று கேட்காத ஆளே இல்லை. எண்பது நாயின் கூண்டைக் காலையில் ஐந்து மணிக்குக் கழுவி, பீ அள்ளி, அண்டாவில் சோறு கிளறி, புழு வைத்த புண்ணில் மருந்து அடித்து, கடி வாங்கி, மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நிற்கும் மனிதர்களுக்குக் குடும்பம் இல்லையா, அவர்கள் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு மணி நேரம் குட்டிகளோடு விளையாடிவிட்டுப் போகும் தன்னார்வலர்கள் வேண்டும்தான், அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தீபாவளியன்று ராத்திரி வெடிச்சத்தத்தில் நடுங்கி ஓடும் நாய்களைப் பிடித்து உள்ளே அடைக்க அங்கேயே தங்கியிருக்கும் ஆள் வேண்டும். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். நல்ல ஆள் போய்விட்டால் அந்த வாரமே நாய்களின் உடம்பில் அது தெரிந்துவிடும், இரண்டு நாய் சாப்பிடாமல் படுத்திருப்பதைக் கவனிக்க ஆள் இருக்காது. சம்பளத்தைச் செலவுக் கணக்கில் காட்டினாலே திருட்டு என்று நினைப்பதை முதலில் நிறுத்துங்கள்.

மருந்துக் கடையில் எங்கள் பேரில் எப்போதும் ஒரு பாக்கி ஓடிக்கொண்டிருக்கும். தெருநாய்களுக்கு வரும் நோய்களில் பல மலிவாகக் குணமாகக்கூடியவை. பிறப்புறுப்பில் கட்டி வந்து ரத்தம் சொட்டச் சொட்டத் திரியும் நாயைப் பார்த்திருப்பீர்கள், கல்லடி வாங்கும் நாய் பெரும்பாலும் அதுதான். வின்கிரிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒன்றாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலான நாய்களுக்குச் சரியாகிவிடும். மருந்து பெரிய விலை இல்லை, ஆனால் அத்தனை வாரமும் அந்த நாயை வைத்திருக்க ஒரு கூண்டும் சோறும் ஆளும் வேண்டும், செலவு அதில்தான் இருக்கிறது. குட்டிகளுக்கு வரும் பார்வோ என்ற வைரஸ் நோய் இதற்கு நேர் எதிர். ஒரு குட்டிக்கு வந்தால் நாலைந்து நாள் டிரிப்ஸ், ஆன்டிபயாடிக், வாந்தி ஊசி, ராத்திரி முழுக்க ஒரு ஆள், அப்படியும் பாதியில் செத்துப்போவதுண்டு. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் புதிதாக வரும் குட்டியைத் தனியாக வைக்கத் தனி அறை, தனிச் செருப்பு, தனித் துடைப்பம், லிட்டர் லிட்டராகப் பிளீச்சிங் கரைசல். வாசலில் அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த ஒரு பெட்டி உள்ளே இருக்கும் மற்றக் குட்டிகளையும் கொண்டுபோய்விடலாம் என்பது தெரிவதில்லை.

இடம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. குரைக்கிற சத்தத்துக்கும் வாடைக்கும் பக்கத்தில் இருப்பவர்கள் எதிர்ப்புச் சொல்வார்கள், அதில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காலி செய்யச் சொன்னால் கட்டிய கூண்டு, போட்ட தளம், போட்ட போர்வெல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

இப்போது நாயைக் கொண்டுவந்து விடுகிறவர்களுக்கு. "அக்கா, ஒரு நாய் ரோட்டோரம் கெடக்குதுங்க, பாவமா இருக்குதுங்க, வந்து எடுத்துட்டுப் போயிருங்க" என்று போன் வரும். நீங்களே டாக்டரிடம் கொண்டுபோங்கள், பில்லை நாங்கள் பாதி பார்த்துக்கொள்கிறோம் என்றால் அதோடு போன் கட். அது உண்மையான இரக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் இரக்கப்பட்டவர் ஒருவர், செலவு இன்னொருவர் தலையில் என்பது எப்படிச் சரி? தெருநாய்களாவது பரவாயில்லை, வளர்த்தவர்களே கொண்டுவந்து கட்டிவிட்டுப் போகும் லாப்ரடாரும் ராட்வெய்லரும் இருக்கின்றனவே. தோல் நோய் வந்தவுடன், வயசானவுடன், வீடு மாறியவுடன். "மாசாமாசம் ஆயிரம் ரூபா போட்டு விட்டர்றேங்க" என்பார்கள், இரண்டு மாதம் வரும், அப்புறம் நம்பரே பிளாக். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: கொண்டுவருகிறவர் அந்த நாய்க்கு ஒரு தொகையைப் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும், முடியாதவர் அது குணமாகும் வரை தன் வீட்டு மொட்டைமாடியிலோ கார் ஷெட்டிலோ வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னால் எங்களுக்கு மனிதாபிமானம் இல்லை என்கிறார்கள். இடமில்லாத காப்பகத்தில் எண்பத்தொன்றாவது நாயைத் திணித்தால் எண்பது நாயின் தட்டிலிருந்தும் எடுத்துத்தான் அதற்குப் போட வேண்டும்.

அரசாங்கம் தராதா என்று கேட்பவர்களுக்கு. 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி 1962இல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் இந்திய விலங்குகள் நல வாரியம் தொடங்கப்பட்டதே நம் சென்னையில்தான். அதன் மானியத்துக்கு விண்ணப்பிக்க அங்கீகாரமும் தணிக்கை செய்த கணக்கும் இன்னும் பல காகிதங்களும் வேண்டும், காலையில் கூண்டு கழுவும் அதே ஆள்தான் ராத்திரி அவற்றையும் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. 2022-23 தமிழக பட்ஜெட்டில் விலங்குகளைப் பராமரிப்பவர்களுக்கு உதவும் வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள் திட்டத்துக்கு 20 கோடி அறிவித்தார்கள், நல்ல விஷயம், வரவேற்கிறேன். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் விலங்கு நலனும் 2013 கம்பெனிகள் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் கேட்டுப் போனால் ஆம்புலன்ஸ் தருகிறோம், பெயர்ப்பலகையோடு கட்டடம் தருகிறோம் என்கிறார்கள். அந்த ஆம்புலன்ஸுக்கு டீசலும் டிரைவர் சம்பளமும் யார் தருவது? நன்கொடைக்கு 80ஜி ரசீது கொடுத்தால் வருமான வரிச்சலுகை என்று முன்பு மாதச் சம்பளக்காரர்கள் மார்ச்சில் கொடுப்பார்கள். புதிய வரி முறையில் அந்தச் சலுகை கிடையாது, அதனால் அந்தக் காரணத்துக்காகக் கொடுத்தவர்களும் குறைந்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் 2025இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து உத்தரவுகள் வந்தன. ஆகஸ்ட் 11 அன்று டெல்லியின் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள், 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்றார்கள். நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிப்பதைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்க உத்தரவு. கடிபட்ட குழந்தைகளின் வேதனை எனக்கும் புரிகிறது, அதை மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் "எல்லாத்தையும் ஷெல்டர்ல போடுங்க" என்று கமென்ட் போடுகிறவர்கள் கணக்குப் பார்க்க வேண்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.4 லட்சம் தெருநாய்கள். எங்கள் 40 ரூபாய்க் கணக்கிலேயே போட்டாலும் ஒரு நாள் சோறு 1.76 கோடி. மேலே சொன்ன அந்த 20 கோடி பதினோரு நாளைக்குத்தான் வரும். நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்கக் கருத்தடை ஒன்றுதான் கட்டுபடியாகிற வழி, சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964லேயே இதைத் தொடங்கிவிட்டது. 2023 விலங்குக் கருத்தடை விதிகளின்படி இது உள்ளாட்சிகளின் பொறுப்பு. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இந்த வருஷம் எத்தனை நாய்க்குக் கருத்தடை நடந்தது என்று கேளுங்கள், எங்களுக்குப் பணம் அனுப்புவதற்குச் சமமான உதவி அது.

ஏமாற்றுப் பேர்வழிகளும் இருக்கிறார்கள், ஒரே நாயின் போட்டோவை வைத்து மூன்று அக்கவுண்டில் வசூல் நடக்கிறது. அதனால் யாருக்குக் கொடுத்தாலும் பில் கேளுங்கள், நேரில் போய்ப் பாருங்கள், கூண்டு நாறுகிறதா, தண்ணீர்த் தொட்டியில் பாசி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களிடமும் கேளுங்கள், அரிசிக் கடை பில்லிலிருந்து சம்பள வவுச்சர் வரை காட்டுகிறோம்.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. ஒரு வீடியோவுக்கு ஐயாயிரம் அனுப்புவதை விட, மாதம் 300 ரூபாய் தானாகவே போகிற மாதிரி யுபிஐ ஆட்டோபே வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். ஒரு நாயின் மாதச் சோறு 1,200, அதாவது நாலு பேர். எங்கள் எண்பது நாய்க்கும் 320 பேர் போதும், சோற்றுக் கவலை தீர்ந்துவிடும். எங்களுக்குத்தான் என்றில்லை, உங்கள் ஊரிலேயே இப்படி ஒரு இடம் இருந்தால் அதற்குப் போடுங்கள். மார்கழி, தையில் தெருவெல்லாம் குட்டிகள் வந்துவிடும், தடுப்பூசியை மொத்தமாக வாங்கி வைக்க வேண்டியது அதற்கு முன்னால், எவ்வளவு வாங்கலாம் என்பது மாதா மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும்.