விழுந்த மரத்தை அரிய முதல் ஒரு படம் எடுங்கள்

வடக்கில் எங்காவது ஒரு கிராமத்தில் பத்து நிமிடம் பேய்க்காற்று அடித்துவிட்டுப் போனால் அடுத்த நாள் செய்தி ஒரே மாதிரித்தான் வரும். மினி சூறாவளி, இத்தனை வீடுகள் பகுதியளவில் சேதம், இத்தனை குடும்பங்கள் பாதிப்பு, தறப்பாள் வழங்கப்பட்டது. அந்தக் கணக்கு வேண்டும், அதை வைத்துத்தான் நிவாரணம் வரும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் காற்று எந்தப் பக்கத்தால் வந்தது, எவ்வளவு அகலத்துக்கு அடித்தது, எங்கே தொடங்கி எங்கே ஓய்ந்தது, சுழன்றதா அல்லது மேலேயிருந்து கொட்டியதா என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இரண்டு நாளில் மரத்தை அரிந்து ஏற்றிவிடுவார்கள், தகரத்தைப் பொறுக்கித் திரும்பவும் அடித்துவிடுவார்கள், அதோடு தடயம் முடிந்தது. இதை எழுதி வைக்கிற வேலையை வானிலையில் ஆர்வமுள்ள எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள்தான் கையில் எடுக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எங்களில் ஆர்வத்துக்குக் குறைவில்லை. கார்த்திகை மாதம் வந்தால் யாழ்ப்பாணத்தில் பாதிப் பேரின் போனில் செய்மதிப் படம் ஓடுகிறது. பல்கலைக்கழகப் புவியியல்துறைப் பேராசிரியர் நாகமுத்து பிரதீபராஜா எழுதும் முன்னறிவிப்புகளைக் காத்திருந்து படிக்கிறோம், காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்து முகில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். காற்று வர முதல் வானத்தைப் பார்க்கிற நாங்கள் காற்று போன பிறகு தரையைப் பார்ப்பதில்லை. ஆனால் இந்தச் சின்னச் சுழல்காற்று விஷயத்தில் விடை தரையில்தான் கிடக்கிறது. காரைக்காலிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்த ரேடாரின் தாழ்ந்த கதிரே எங்கள் தலைக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கு மேலால்தான் போகும். கீழே ஒரு வாழைத்தோட்டத்தைப் பிரட்டிப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் கலைந்துபோகிற சுழல் அதில் எப்படித் தெரியும்?

தென்மராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒக்டோபர் மாதம், பின்னேரம் இடியோடு மழை, அடுத்த நாள் காலை நானும் இரண்டு சிநேகிதர்களும் போனோம். ஒழுங்கைக்கு ஒரு பக்கம் வாழைத்தோட்டம். தெற்குப் பக்க வரிசைகள் கிழக்கும் வடகிழக்குமாகச் சாய்ந்து கிடந்தன. வடக்குப் பக்கத்தில் விழுந்தது குறைவு, விழுந்தவை தெற்குப் பார்த்துக் கிடந்தன. நடுவில் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் மறுக்குமாக. அடியில் கிடப்பதுதான் முதலில் விழுந்தது, அதனால் எது கீழே எது மேலே என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்தோம். தோட்டத்து எல்லையில் ஒரு பனை வட்டோடு முறிந்து கிடந்தது, பக்கத்துப் பனையில் ஒரு தகரம் மடிந்து சுற்றியிருந்தது, அந்தத் தகரம் எந்த வீட்டுடையது என்று விசாரித்துக்கொண்டு போனால் வீடு மேற்கே நாலைந்து வளவு தள்ளி. ஒழுங்கைக்கு மற்றப் பக்கத்து வளவில் முருங்கை நின்றது. தொட்டாலே முறிகிற மரம், அதில் ஒரு கிளைகூட முறியவில்லை.

அந்த வளவு ஆச்சியிடம், "ஆச்சி, என்ன கண்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டோம். "முதல்ல மழைதான் தம்பி பெஞ்சது. பிறகு காது அடைச்ச மாதிரி இருந்துது. கிணத்தடிப் பக்கம் பார்த்தா ஓலையெல்லாம் சுத்திச் சுத்தி மேல போகுது." சுற்றியதா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மரியாதைக்காக ஓம் என்று சொல்லியிருக்கவும் கூடும். சாட்சி கேட்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும், சொல்லைத் தூக்கி அவர்கள் வாயில் வைக்கக்கூடாது, ஒருவரிடம் கேட்கும்போது மற்றவர் பக்கத்தில் நிற்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

குறுகிய தடம், இரண்டு பக்கத்திலிருந்தும் உள்நோக்கிய சாய்வு, தெற்குப் பக்கம் கூடுதல் சேதம். என் கணிப்பில் அது மேற்கிலிருந்து கிழக்கே போன ஒரு சின்ன டொர்னாடோ, அதாவது முகிலுக்கும் தரைக்கும் நடுவில் தூண் மாதிரிச் சுழல்கிற காற்று. எங்கள் பக்கத்து அரைக்கோளத்தில் இவை பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே போகிற திசைக்கு வலப் பக்கத்தில் சுழற்சி வேகமும் நகர்வு வேகமும் கூடிக்கொள்ளும், அடி அங்கேதான் பலமாக விழும். இதுவே இடிமுகிலிலிருந்து குளிர்காற்று கீழே கொட்டித் தரையில் பட்டு விரிந்திருந்தால் மரங்கள் ஒரு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விசிறி மாதிரி விழுந்திருக்கும், அல்லது ஊர் முழுக்க ஒரே திசையில். இரண்டுக்கும் செய்தியில் ஒரே பெயர். காரணம் வேறு, அகலம் வேறு, எச்சரிக்கிற விதமும் வேறு.

விழுந்த மரத்தைப் பார்த்துக் காற்றைக் கண்டுபிடிக்க முடியும் என்று உலகுக்குக் காட்டியவர் டெட் ஃபுஜிட்டா என்ற ஜப்பானியர். 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்த சில வாரங்களில் அங்கே போனவர், வெடிப்புக்கு நேர் கீழிருந்து எல்லாப் பக்கமும் மரங்கள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று குறித்து வைத்தார். பிறகு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1971இல் டொர்னாடோவின் பலத்தைச் சேதத்தை வைத்து மதிப்பிடுகிற அளவுகோலை உருவாக்கினார். 1974 ஏப்ரல் 3, 4ஆம் திகதிகளில் வட அமெரிக்காவில் 148 டொர்னாடோக்கள் அடித்தபோது, விமானத்திலிருந்து பார்த்த ஒரு காட்டில் மரங்கள் சுழல் வடிவில் இல்லாமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விழுந்து கிடந்ததைக் கண்டார். கீழே கொட்டுகிற காற்று என்ற கருத்து அங்கிருந்துதான் பிறந்தது. 1975இல் நியூயோர்க்கில் தரையிறங்க வந்த பயணிகள் விமானம் ஒன்று விழுந்ததற்கும் அதுதான் காரணம் என்றார், பலர் நம்பவில்லை, 1978இல் சிக்காகோவைச் சுற்றி ரேடார் வைத்து அளந்தபோது நிரூபணமானது. இன்று உலகம் முழுக்க விமானிகளுக்கு இதைப் பற்றிப் பயிற்சி கொடுக்கிறார்கள். தொடக்கம் சாய்ந்து கிடந்த மரங்கள்தான்.

இதெல்லாம் விஞ்ஞானிகள் வேலை, எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தைக் காட்டுவேன். அங்கே 1974இல் தொடங்கிய டோரோ என்ற அமைப்பில் பெரும்பாலும் சொந்த ஆர்வத்தில் சேர்ந்தவர்கள்தான் வேலை செய்கிறார்கள். எங்காவது கூரை பறந்தது என்று கேள்விப்பட்டால் வயல் வரம்பிலும் வேலிக்கரையிலும் நடந்து, எந்த மரம் எந்தப் பக்கம் விழுந்தது என்று குறித்துத் தடத்தை வரைபடத்தில் போடுவார்கள். ஆண்டுக்குச் சராசரி முப்பது டொர்னாடோ அந்த நாட்டில் வருகிறது என்று இன்று சொல்ல முடிவது பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களின் உழைப்பால்தான். டொர்னாடோ அமெரிக்காவில் மட்டும்தான் என்று இங்கே இன்னமும் பலர் சொல்கிறார்கள். 1989 ஏப்ரல் 26இல் வங்காளதேசத்தில் ஏறத்தாழ 1300 பேரைக் கொன்றதும் டொர்னாடோதான், அது எங்கள் வங்காள விரிகுடாக் கரை நாடு.

சரி, பலத்தை மதிப்பிடுவதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 2007 முதல் அமெரிக்காவில் பயன்படுத்தும் திருத்திய ஃபுஜிட்டா அளவுகோலில் 28 வகைச் சேதக் குறிகள் உண்டு, மரத்துக்கு வன்மரம், மென்மரம் என்று இரண்டே இரண்டு. பனைக்கும் தென்னைக்கும் தனி இடம் இல்லை, கிடுகு வேலியைக் கேட்கவே வேண்டாம். அந்த அளவுகோலின் அடிப்படி மணிக்கு 105 கிலோமீட்டரில் தொடங்குகிறது, குலை தள்ளிய வாழை அதற்கு வெகு முன்னமே சாய்ந்துவிடும். அதனால் வாழை திசை சொல்லும், பலம் சொல்லாது. பலத்துக்குப் பனையைப் பார்க்கவேண்டும். வலிகாமத்தில் வேரோடு பிரண்ட மரத்தை வைத்து மட்டும் பெரிய காற்று என்று எழுதக்கூடாது, செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், பல இடங்களில் வேர் ஆழம் போக வழியில்லை, மண்ணும் மழையில் ஊறியிருக்கும். கூரையும் அப்படித்தான். சிலாகையில் ஆணி எப்படி அடித்திருக்கிறது, கைமரம் சுவரோடு கட்டுப்பட்டிருக்கிறதா அல்லது சும்மா ஏற்றி வைத்திருக்கிறதா என்று பார்க்காமல் கூரை பறந்ததை மட்டும் எழுதினால் அது காற்றைப் பற்றிய தகவலே அல்ல. உள்ளே அழுத்தம் கூடி வீடு வெடிக்கும், யன்னலைத் திறந்து விடுங்கள் என்று பழைய ஆலோசனை ஒன்று இன்னமும் சுற்றுகிறது, அது பிழை. திறந்த யன்னலால் காற்று புகுந்து கூரையைத் தள்ளத்தான் உதவும்.

"சனம் கூரையில்லாமல் நிற்குது, நீங்கள் திசைகாட்டியோட வாறீங்களோ?" இந்தக் கேள்வியை என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால் முறை இதுதான்: போனால் முதலில் தறப்பாளின் ஒரு பக்கத்தைப் பிடிக்கவேண்டும், ஒழுங்கையில் கிடக்கிற கொப்பை இழுத்து விடவேண்டும், அப்புறம்தான் போனை எடுக்கவேண்டும். படலையில் நின்று கேட்காமல் வளவுக்குள் கால் வைக்கக்கூடாது. அழுகிறவர்களின் முகம், உடைந்த வீட்டின் உட்பக்கம் படத்தில் வரவே கூடாது. பின்னணி இசை போட்டு வீடியோ விடுகிறவர்களோடு எங்களைச் சேர்க்கவும் வேண்டாம், அவர்கள் செய்வது பிறர் துயரத்தில் விருப்பக்குறி தேடுவது. அறுந்த மின்கம்பி, கட்டில்லாத கிணறு, ஆணி குத்திய பலகை, உடைந்த அஸ்பெஸ்டஸ் தூள் எல்லாமே ஆபத்து, தனியாகப் போகாதீர்கள். ட்ரோன் என்றால் அனுமதி வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? பருவக்காற்று மாறுகிற மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்று ஓய்ந்து, வெயில் ஏறி, பின்னேரத்தில் குடாநாட்டின் இரண்டு கரையிலிருந்தும் கடற்காற்று உள்ளே வந்து முட்டுகிறது. அந்த முட்டுகிற கோட்டில் சின்னச் சின்னச் சுழிகள் உருவாகும், அதன் மேல் முகில் வேகமாக எழும்பினால் சுழி இழுபட்டு ஒடுங்கி வேகம் பிடிக்கும். கடல்மேல் தூண் மாதிரிச் சுழல்கிற பல நீர்த்தம்பங்களும் இப்படித்தான் உருவாகின்றன. எங்களிடம் இருபது வருடத் தடங்கள் வரைபடத்தில் இருந்தால் அந்தக் கோடு அடிக்கடி எங்கே விழுகிறது, தொண்டைமானாற்று ஏரிக்கரையிலா, கொடிகாமம் பக்கமா என்று பார்க்கலாம். எந்தக் கூரை நின்றது, எது போனது என்ற விபரம் இருந்தால் வீட்டுத்திட்டத்தில் கட்டுகிற மேசனுக்கும் தச்சனுக்கும் கைமரத்தைச் சுவரோடு கம்பியால் கட்டு என்று ஆதாரத்தோடு சொல்லலாம். இப்போது சொல்ல ஒன்றும் கையில் இல்லை. 1964 டிசம்பர் புயலும் 1978 மட்டக்களப்புப் புயலும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது, ஊருக்குள் வந்துபோன சின்னக் காற்றுகள் வீட்டுப் பேச்சோடு போய்விட்டன.

உங்கள் ஊரில் அடித்தால், மரம் அரிகிற மெசின் வர முதல் போனில் இடம் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு முழு வளவும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் அடியில் நின்று நுனியைப் பார்த்து ஒரு படம், போனில் இருக்கும் திசைகாட்டி காட்டுகிற பாகையைப் பக்கத்தில் எழுதுங்கள். சேதம் முடிகிற இடம் வரை இரண்டு பக்கமும் நடந்து, ஒன்றும் ஆகாத முதல் வீட்டையும் குறியுங்கள், அகலம் அதில்தான் தெரியும். கடைகளில் கமரா இருந்தால் பதிவு அழிய முதல் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும் இன்னொன்றைப் பல்கலைக்கழகப் புவியியல்துறையிலும் கொடுங்கள். வரைபடத்தில் போடத் தெரியாதவர்கள் எனக்கு உள்பெட்டியில் அனுப்பினால் நானே போட்டுத் தருகிறேன்.