ஈரத்திலேயே வாடும் செடி

"கடல் தண்ணியிலயே பயிர் விளையும், விஞ்ஞானிகள் சாதனை" என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது எனக்கு ஃபார்வர்டு அனுப்பிவிடுகிறார்கள். மரபணுவை மாற்றிப் பயிரை உப்பு தாங்கவைக்கும் முயற்சிக்கு நான் எதிரி இல்லை. என் பிணக்கெல்லாம் அந்தத் தலைப்போடுதான்.

ஒருமுறை தக்காளித் தொட்டி ஒன்றுக்கு உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். மண்ணைத் தொட்டால் விரலில் ஒட்டுகிற ஈரம். செடியோ பல நாளாகத் தண்ணீரையே காணாததுபோல் தொங்கிக் கிடந்தது. பிறகு அடி இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. இவை இரண்டும் வேறு வேறு தொல்லைகள். மண்ணில் உப்பு ஏறிவிட்டால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அதையும் மீறி உள்ளே போகிற சோடியம், பொட்டாசியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு செல்லின் வேலையைக் கெடுக்கும். ஒரே மரபணு இத்தனையையும் சமாளிக்கணும் என்றால் எப்படி?

2001-இல் ஜாங், புளும்வால்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் செய்தது உண்மையிலேயே அழகான வேலை. அராபிடாப்சிஸ் என்கிற குட்டிச் செடியின் மரபணு ஒன்றைத் தக்காளியில் ஏற்றினார்கள். சோடியத்தைச் செல்லுக்குள் இருக்கும் ஒரு பைக்குள் தள்ளி அடைப்பதுதான் அதன் வேலை. லிட்டருக்குச் சுமார் 12 கிராம் உப்பு இருந்த நீரிலும் அந்தச் செடி பூத்துக் காய்த்தது. உப்பெல்லாம் இலையில் தங்கிவிட்டது, பழத்தில் கொஞ்சம்தான். ஆனாலும் 12 கிராம் என்பது கடல்நீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு. அதோடு அது பசுமைக்குடிலில் வளர்ந்த செடி. வயலிலோ மழைக்கு ஒரு உப்பு, வெயிலுக்கு ஒரு உப்பு.

வயலிலேயே காட்டியது 2012-இல் ராணா மன்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு. பழங்காலக் கோதுமை இனம் ஒன்றின் மரபணுவைப் பாஸ்தா செய்யும் டூரம் கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். சோடியம் இலைக்கு ஏறுவதற்குள் வேரிலேயே அதைப் பிடித்து நிறுத்தும் மரபணு அது. உவர் நிலத்தில் மகசூல் 25 சதவீதம் கூடியது. இது மரபணு மாற்றப் பயிரே இல்லை, சாதாரண இனக்கலப்பு! ஆனால் எந்த மரபணு என்ன செய்கிறது என்று தெரிந்ததால்தான் தேடிப் பிடிக்க முடிந்தது. அதனால்தான் ஆய்வகத்தை நான் குறை சொல்வதில்லை.

ஆனால் ரகம் மட்டும் போதாது. வடிகால் இல்லாத நிலத்தில் பாய்ச்சுகிற ஒவ்வொரு தண்ணீரும், ஆவியாகும்போது தன் உப்பை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறது. எந்த ரகத்தை நட்டாலும் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இந்தமுறை அனுப்பிய நண்பரிடம் கேட்டேன்: "எத்தனை கிராம் உப்பு? வயலா, தொட்டியா? எத்தனை போகம் எடுத்தாங்க?" பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வந்தது.