பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள்
குடும்ப முன்னோர்களைத் தேடுவது பற்றிய ஒரு கட்டுரை, பழைய செய்தித்தாள்களைப் புரட்டினாலே நான்கு தலைமுறைப் பெயர்கள் கிடைத்துவிடும் என்கிறது. மதுரைப் பக்கத்துச் சம்சாரி (உழவர்) குடும்பங்களுக்கு அது பொருந்தாது. அந்தக் காலப் பத்திரிகையில் வக்கீல், ஜமீன் வீட்டுச் சாவுதான் அச்சேறும். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ காடு உழுதவர் பெயர் வந்தால் பெரும்பாலும் கோர்ட்டு ஏல அறிவிப்பாகத்தான் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். அங்கேயும் கிரயப் பத்திரத்தைவிட, குடும்பச் சொத்தைப் பங்கு பிரித்து எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம்தான் மேல்: அண்ணன் தம்பி, இறந்துபோனவரின் பிள்ளைகள், மைனர்களுக்குக் கார்டியன் என்று மொத்தக் குடும்பமும் தகப்பன் பெயரோடு ஒரே இடத்தில் நிற்கும். இணையத்தில் வில்லங்கம் (ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்த்தால் பல இடங்களுக்குப் பழைய காலம் வரை போகாது, அதற்கு மனுப் போட்டுக் கையால்தான் தேட வேண்டும். சர்வே எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பதிவு அலுவலகத்தில் பத்திரங்களைத் தேட இருக்கும் முதல் அட்டவணை ஆள் பெயர்ப்படி, இரண்டாவதுதான் சொத்துப்படி. சிக்கல் வேறு இடத்தில். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் ‘கருப்பையா மகன் பெரியசாமி’ இரண்டு தலைமுறை தள்ளி மறுபடி வருவார், பத்திரத்தில் நிலத்துக்கு எழுதியிருக்கும் நான்கெல்லையை ஒப்பிட்டால்தான் எந்த ஆள் என்று பிரியும். பழைய ஆவணங்களில் வரும் பசலி (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) எண்ணை ஆங்கில ஆண்டாக மாற்ற 590 கூட்டுங்கள், ஆனால் பசலி ஜூலை 1இல் பிறக்கும்; பசலி 1345 என்றால் 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரை. தேனி, திண்டுக்கல் முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்ததால் அந்த ஊர்க்காரர்கள் பழைய ஆவணங்களை மதுரை மாவட்டம் என்ற பெயரில்தான் தேட வேண்டும்.