குலுக்கல் போட்டுவிட்டால் நியாயம் ஆகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் நடந்த சதுரங்கப் போட்டியில், காய்களைக் குலுக்கல் போட்டு அடுக்கி ஆடும் ஆட்டத்தில், என் மகள் தோற்ற கடைசிச் சுற்றைப் பற்றி எல்லாரும் பேசி முடித்துவிட்டீர்கள். நான் மூன்று நாள் ஒன்றும் எழுதவில்லை. "குலுக்கல்ல வந்த அடுக்குதானே, இதுல யாரைக் குத்தம் சொல்ல?" என்று நேற்று ஒரு அண்ணாச்சி கேட்டிருந்தார், அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

யாரையும் குத்தம் சொல்லவில்லை அண்ணாச்சி. குலுக்கல் போட்டதாலேயே ஆட்டம் நியாயமாகிவிடாது, அதைத்தான் சொல்கிறேன்.

திறப்புகளை, அதாவது ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளை, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஜெயிப்பதை ஒழிக்கத்தான் முன்னாள் உலக சதுரங்கச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1996-ல் இந்த ஆட்டத்தை அறிவித்தார். சிப்பாய்களுக்குப் பின்னால் நிற்கும் காய்களின் வரிசையைக் குலுக்கல்தான் முடிவு செய்யும், இரண்டு பேருக்கும் அதே வரிசை. மந்திரி இரண்டும் வேறு வேறு நிறக் கட்டத்தில், ராஜா இரண்டு யானைக்கும் நடுவில், மற்றபடி எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றால் மொத்தம் 960 அடுக்கு வரும். எனக்கு உயிரான ஆட்டம், மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஆனால் அந்த 960-ம் ஒன்றுபோல் இல்லை. வழக்கமான சதுரங்கத்தில் தொடக்கத்திலேயே எல்லாச் சிப்பாய்க்கும், யாராவது வெட்டினால் திருப்பி வெட்ட, பின் வரிசையில் ஒரு காய் காவல் இருக்கும், இதில் சில அடுக்குகளில் இருக்காது. அன்றைக்கு வந்ததில் மந்திரி ஒரு மூலையில், மறுகோடியில் காவல் இல்லாத சிப்பாய். வெள்ளை ஒரே ஒரு சிப்பாயை நகர்த்தியதும் மந்திரியின் வழி திறந்து அந்தச் சிப்பாய் மேல் பாய்ந்துவிட்டது. என் மகள் கறுப்பு. முதல் நகர்வே தற்காப்பு.

"ரெண்டு பேருக்கும் ஒரே அடுக்குதானே" என்பீர்கள். அடுக்கு ஒன்று, சரி. முதல் நகர்வு யாருக்கு? சாதாரண ஆட்டத்திலேயே வெள்ளைக்கு நூற்றுக்கு 54, 55 புள்ளி போகிறது. அடுக்கே முதல் நகர்வுக்குச் சாதகமாக வந்தால் என்ன ஆகும்? அதே அடுக்கை நிறம் மாற்றி இன்னொரு ஆட்டம் ஆட விட்டால் தீர்ந்தது. சதுரங்கம் ஆடும் கணினி எஞ்சின்கள் மோதும் டி.சி.இ.சி. போட்டியிலேயே ஒரு தொடக்க நிலை கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒருமுறை வெள்ளை கிடைக்கும். உயிரில்லாத மிஷினுக்குச் செய்வதைப் பதினொரு வயதுப் பிள்ளைக்குச் செய்யக் கூடாதா?

சின்ன வயதில் மே மாத லீவுக்கு வீரவநல்லூர் போனால் ஆச்சி திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு ஆடுபுலி ஆட வைப்பாள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஜெயித்துவிட்டு எழுந்து ஓடப் பார்த்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பாள். "ஏல, நீ புலிய வச்சு ஜெயிச்ச. இப்ப ஆட்ட வச்சு ஆடு, பாப்போம்." ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் ஆடிவிட்டு யார் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நேரம் இல்லை என்கிறார்கள். இருபது நிமிட ஆட்டம் ஒன்றை வைத்த இடத்தில் பத்து நிமிட ஆட்டம் இரண்டு வைத்திருக்கலாம், அதே நேரம்தான் ஆகும். காலையில் விருந்தினர் பேச்சுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்ததே.

அப்புறம், "மக தோத்துட்டா, அதான் பொங்குறார்" என்று எழுதியவருக்கு. ஆமாம், அவள் தோற்றதால்தான் இது என் கண்ணில் பட்டது. போன வருஷம் அவளுக்கு நல்ல அடுக்கில் வெள்ளை வந்து ஜெயித்தபோது நான் பேசாமல் கைதட்டினேன், அது என் தப்பு. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையின் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அதற்காக இப்போதும் பேசாமல் இருக்க வேண்டுமா? அவள் தோற்றதைக் கூடத் தாங்கிக்கொண்டேன். அழுதுகொண்டே காய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளையிடம் "அதிர்ஷ்டம் இல்லம்மா, விடு" என்று போட்டி நடத்தியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னாரே, அதுதான் இன்னும் அறுக்கிறது. அதிர்ஷ்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தாயக்கட்டையை உருட்டியிருப்போமே, காலை ஆறு மணிக்கு பஸ் ஏறி வந்திருக்க மாட்டோமே.

கோப்பையை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பையன் நன்றாகத்தான் ஆடினான், அவனிடமே இருக்கட்டும். அடுத்த போட்டிக்கு விதிமுறை அடிக்கும்போது ஒரே ஒரு வரி சேருங்கள்: ஒரு அடுக்கு, இரண்டு ஆட்டம், நிறம் மாற்றி. அதைச் சேர்த்தால் என் மகளை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். இல்லையென்றால் அவள் வீட்டில் என்னோடு ஆடிக்கொள்வாள்.