கேஸ் இன்டர்வியூவுக்கு மனப்பாடம் உதவாது

நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் வேலைக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த ஃபிரேம்வொர்க்கெல்லாம் படிக்கணும்?" என்றுதான். பிரச்சினையைப் பிரித்துப் பார்க்க உதவும் ஆயத்தப் படங்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். படித்த வரைக்கும் போதும், எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கப் பழகுங்கள் என்பேன். பலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

என் முதல் கேஸ் இன்டர்வியூ, அதாவது ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைக் கொடுத்து விடை கேட்கும் நேர்காணல், இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு ஜிம் நிறுவனத்துக்கு லாபம் குறைகிறது, ஏன் என்று சொல்ல வேண்டும். வருமானம் ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று மளமளவெனக் கிளை பிரித்து வரைந்துவிட்டேன், எத்தனையோ தடவை வரைந்து பழகிய படம்தானே. இன்டர்வியூ எடுத்தவர் பொறுமையாக, "உறுப்பினர்கள் 20 சதவீதம் கூடியிருக்கிறார்கள், வருமானம் 4 சதவீதம் குறைந்திருக்கிறது" என்றார். குறித்துக்கொண்டு, "சரி, அடுத்து செலவைப் பார்க்கலாம்" என்றேன். என் படத்தில் அடுத்த பெட்டி அதுதான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பாதி விடையை அவரே கையில் கொடுத்திருந்தார். 100 பேர் 120 ஆகி, வருமானம் 100லிருந்து 96 ஆனால், ஆளுக்குக் கிடைப்பது 1லிருந்து 0.8 ஆகிறது, அதாவது 20 சதவீதச் சரிவு. தள்ளுபடி கொடுத்தார்களா, பழைய உறுப்பினர்கள் மலிவான திட்டத்துக்கு மாறினார்களா என்று அங்கேயே தோண்டியிருக்க வேண்டும்.

பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் பிசிஜி மேட்ரிக்ஸ் என்ற ஃபிரேம்வொர்க்கின் கதையும் இதுதான். அந்த நான்கு கட்டம் 1970ல் வந்தது, பல தொழில்களை வைத்திருக்கும் ஒரு கம்பெனி எதில் பணம் போடுவது, எதை விடுவது என்று முடிவெடுப்பதற்காக. ஒரே தொழில் நடத்துகிற ஜிம்முக்கு அதை வரைந்து என்ன செய்ய? மெக்கின்ஸி என்ற கன்சல்டிங் நிறுவனத்தில் வேலை பார்த்த பார்பரா மின்ட்டோ சொன்ன 'மீசி' மட்டும் எந்தக் கேஸுக்கும் கைகொடுக்கும்: பிரிக்கிற பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று விழக்கூடாது, எதுவும் விட்டும் போகக்கூடாது. ஆனால் அதை மனப்பாடம் செய்ய முடியாது, ஒவ்வொரு பிரச்சினைக்கும் புதிதாக யோசித்துத்தான் பிரிக்க வேண்டும்.

அதற்கு நேரம் வேண்டும், கேளுங்கள். "ஒரு நிமிடம் யோசித்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. அடுத்த இன்டர்வியூவில் நான் கேட்டேன், "தாராளமாக" என்றார்கள். கணக்குப் போடும்போதும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள், எங்கே தவறினாலும் அவர்களே ஒரு வார்த்தை சொல்லித் திருப்பிவிட வாய்ப்பு இருக்கிறது, மௌனமாகப் போட்டுத் தப்பான விடையோடு நிமிர்ந்தால் அதுவும் கிடையாது.

அப்புறம், உங்கள் அனுபவத்தைப் பற்றிக் கேட்கிற பகுதியை யாரும் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. "நாங்கள் செய்தோம், எங்கள் டீம் முடித்தது" என்றே போகிறார்கள். அதில் நீங்கள் யாரிடம் போய்ப் பேசினீர்கள், அவர் மறுத்தபோது என்ன சொன்னீர்கள்? தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். நண்பர் யாரையாவது எதிரில் உட்காரவைத்து, பேச்சுக்கு நடுவே "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். மூன்றாவது "ஏன்"ல் நீங்கள் திணறினால், அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு வேறொன்றைத் தயார் செய்யுங்கள்.